மரினா பே சேண்ட்ஸ்: சூதாடாத குடும்பம் அங்கே எதைப் பார்க்கலாம்?

காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். மே மாத இறுதியில், பள்ளி திறப்பதற்கு முன்பாக, என் பெற்றோரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நானும் கணவரும் ஐந்து நாள் பயணமாகச் சிங்கப்பூர் செல்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் நீண்ட தூரம் நடக்க இயலாது. பிள்ளைகளுக்கு 12 வயதும் 8 வயதும் ஆகின்றன.

பெற்றோரின் திருமண நாள் பயணத்தின் இடையில் வருவதால், ஓர் இரவு மட்டும் மரினா பே சேண்ட்ஸ் விடுதியில் தங்கலாம் என்பது என் கணவரின் விருப்பம். மேல்தளத்து நீச்சல் குளத்தைப் படத்தில் பார்த்த நாள் முதல் பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. ஆனால் அங்கே சூதாட்டக் கூடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அப்பா, அந்தக் கூரையின் கீழே காசு கொடுத்துப் படுக்கத் தமக்கு மனம் வராது என்று சொல்லிவிட்டார். அவர் பிடிவாதக்காரர் அல்லர். சொன்னதை உணர்ந்துதான் சொன்னார். தங்கித்தான் பார்க்க வேண்டுமா, தங்காமலேயே அந்த இடத்தின் சிறப்பையெல்லாம் பார்த்துவிட முடியுமா என்பதை அங்கே சென்றவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தேக்காவாசி (சிங்கப்பூர்)

வணக்கம் அம்மா. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அந்த இடத்துக்கு எத்தனை முறை அழைத்துச் சென்றிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: நீச்சல் குளம் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் தங்காமலேயே பார்க்கலாம். குளம் விடுதியில் தங்குவோருக்கு மட்டுமே உரியது. அறைச் சாவி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அதே மேல்தளத்தின் மறுமுனையில் உள்ள பார்வைத் தளத்துக்கு யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கிக்கொண்டு செல்லலாம்.

பார்வைத் தளத்துக்கு மாலை ஆறரை மணிக்கு மேலே சென்றுவிடுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கே கதிரவன் மறைகிறான். மேற்கே நகரக் கட்டடங்களின் பின்னால் அவன் இறங்குவதையும், அரை மணி நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம். பெரும்பாலானோர் நகரத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் கிழக்குப் பக்கமும் சென்று நில்லுங்கள். கீழே கரையோரப் பூந்தோட்டங்களும் (கார்டன்ஸ் பை த பே), அதற்கு அப்பால் சிங்கப்பூர் நீரிணையில் நங்கூரமிட்டு நிற்கும் நூற்றுக்கணக்கான கப்பல்களும் தெரியும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்துக் காட்சியே பெரியது.

மற்றொரு நாள் மாலையைக் கட்டணமில்லாத இரண்டு ஒளிக்காட்சிகளுக்கு ஒதுக்குங்கள். பூந்தோட்டத்திலுள்ள ராட்சதச் செயற்கை மரங்களின் அடியில் 7.45 மணிக்கும் 8.45 மணிக்கும் இசையோடு கூடிய ஒளிக்காட்சி நடக்கிறது. விடுதியின் முன்புறம், நீர்க்கரைத் திடலில் ‘ஸ்பெக்ட்ரா’ என்ற நீரூற்று ஒளிக்காட்சி இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் உண்டு. வெள்ளி, சனிக்கிழமைகளில் 10 மணிக்கும் ஒருமுறை நடத்துகிறார்கள். இரண்டும் கால் மணி நேரம்தான். 7.45 மணிக் காட்சியை மரங்களின் அடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பாலத்தின் வழியாக விடுதியைக் கடந்து நிதானமாக நடந்தால் 9 மணிக் காட்சிக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும். 8 மணிக் காட்சியைப் பிடிக்க ஓட வேண்டாம். அம்மாவின் முழங்கால் தாங்காது.

தூணும்உத்திரமும் (சென்னை)

நான் கட்டமைப்புப் பொறியாளன். 12 வயதுப் பிள்ளை உடன் வருவதாக எழுதியிருப்பதால், அந்தக் கட்டடத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இதை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகப் பெட்டிகளை அடுக்கியது போன்ற குடியிருப்பைக் கட்டிப் பெயர் பெற்றவர் அவர். சிங்கப்பூரில் அவர் எழுப்பிய மூன்று கோபுரங்களும் 55 மாடி கொண்டவை. தொலைவிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கோபுரமும் ஒற்றைக் கட்டடமாகத் தோன்றும். பக்கவாட்டில் வந்து பாருங்கள்: ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று சாய்ந்து சென்று 23ஆம் மாடியில் மற்றொன்றோடு சேர்கிறது. மூன்று கோபுரங்களிலும் சாய்வு ஒரே அளவில் இல்லை. மிகுதியாகச் சாய்ந்த கால் 26 பாகை வரை சாய்ந்திருக்கிறது. முழுமை பெற்ற பிறகு இரு கால்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். ஆனால் கட்டிக்கொண்டிருந்தபோது, 23ஆம் மாடியை எட்டும் வரை, சாய்ந்த கால் தன் எடையாலேயே மேலும் சாய முயன்றுகொண்டே இருந்திருக்கும். அதை இடையில் முட்டுக் கொடுத்தும், சுவருக்குள் எஃகு வடங்களை இழுத்துக் கட்டியும் நிறுத்தினார்கள். தரைத்தளத்துக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், உங்கள் தலைக்கு மேல் சரிந்து வருவது அந்தக் கால்தான். அங்கே நுழையக் கட்டணம் கிடையாது.

கோபுரங்களின் உச்சியில் கப்பல்போல் கிடக்கும் பூங்காவின் நீளம் 340 மீட்டர், தரையிலிருந்து உயரம் ஏறத்தாழ 200 மீட்டர். வடக்குமுனையில் அது கோபுரத்தைத் தாண்டி 65 மீட்டருக்கும் அதிகமாக வெட்டவெளியில் நீண்டு நிற்கிறது. மேலே நண்பர் சொன்ன பார்வைத் தளம் இந்த நீட்சியின் மீதுதான் இருக்கிறது. அடியில் தூண் எதுவும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டுதான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரும்புச் சட்டங்களைத் தரையிலேயே இணைத்து, பெரும் பகுதிகளாக மேலே தூக்கிப் பொருத்தினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. உயர்ந்த கோபுரம் காற்றில் சிறிது அசையும். மூன்று கோபுரங்களும் ஒரே மாதிரி அசையா. ஆனால் மேலே இருக்கும் குளம் ஏறத்தாழ 150 மீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து கிடக்கிறது. நீர் நிறைந்த ஒரு தொட்டியை மூன்று தனித்தனி ஆட்களின் தலையில் ஒருசேர ஏற்றிவைப்பது போன்ற சிக்கல் இது. அதற்காகக் குளத்தின் அடியில் நான்கு அசைவு இணைப்புகளை அமைத்தார்கள். அவை மொத்தமாக 500 மில்லிமீட்டர் வரை நகர இடம் கொடுக்கின்றன. குளத்தின் ஓரம் இல்லாததுபோல் தோன்றுவதில் மாயம் ஒன்றும் இல்லை. நீர் விளிம்பைத் தாண்டி வழிந்து, சற்றுக் கீழே மறைவாக உள்ள வாய்க்காலில் விழுந்து மீண்டும் குளத்துக்கே ஏற்றப்படுகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டால், குளத்தில் இறங்க முடியாத ஏமாற்றம் கொஞ்சமாவது குறையும் என்று நம்புகிறேன்.

அமைதிநாடி (கோவை)

இங்கே எழுதியவர்கள் அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் இந்த அம்மையாரின் தந்தை சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் தாய்மாமன் ஒரு பயணக் கப்பலில் வேடிக்கையாகச் சீட்டாட உட்கார்ந்தவர். எந்தக் கப்பல், எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை. முதல் இரவில் வென்றார். அந்த வெற்றிக்குப் பின் ஆறு ஆண்டுகளில், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெவ்வேறு நாடுகளுக்குப் போய்வந்து, பல்லடத்தில் இருந்த விசைத்தறிக் கூடத்தை விற்றார். பிறகு அத்தையின் நகைகள் போயின. அந்தக் கூடங்களில் எல்லாம் ஒளியும் இசையும் நல்ல உணவும் இருந்தன என்று அவர் பிற்காலத்தில் சொல்வார்; தவறான இடத்தில் இருக்கிறோம் என்ற எண்ணமே தமக்கு எழவில்லை என்பார். ஆகவே நீரூற்று அழகாக இருக்கிறது, அதனால் போய்ப் பாருங்கள் என்று சொல்லும்போது, அந்த நீரூற்றுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுவது முறையாகும்.

தேக்காவாசி (சிங்கப்பூர்)

அமைதிநாடி அவர்களுக்கு: உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது குறித்து வருந்துகிறேன். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி என்பதால் எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

2005ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரதமர் லீ சியன் லூங் சூதாட்டக் கூடங்களை அனுமதிக்கும் முடிவை நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது, இந்த நாட்டில் அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. கோயில், தேவாலய, பள்ளிவாசல் அமைப்புகள் மட்டுமன்றிச் சாதாரண மக்களும் எதிர்த்தார்கள்; என் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், இரவு உணவுக்குப் பின் மின்தூக்கியின் அருகே நின்று இதைப் பற்றி என்னிடம் மணிக்கணக்கில் பேசியது நினைவிருக்கிறது. அதனால்தான் ‘ஒருங்கிணைந்த உல்லாசத் தலம்’ என்ற பெயரில் வேறொரு வடிவம் வந்தது. மரினா பே நிலத்தின் விலையை 120 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று அரசு முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டது. யார் கூடுதல் விலை தருவார் என்று போட்டியிட விடாமல், யார் சிறந்த இடத்தைக் கட்டித் தருவார் என்று போட்டியிட வைப்பதே அதன் நோக்கம். 2006இல் லாஸ் வேகாஸ் சேண்ட்ஸ் நிறுவனம் தேர்வு பெற்றது; 2010இல் கதவு திறந்தது.

சூதாடும் பகுதிக்கு அப்போது வைக்கப்பட்ட உச்சவரம்பு 15,000 சதுர மீட்டர். மொத்தக் கட்டடப் பரப்பு ஐந்து லட்சம் சதுர மீட்டருக்கும் மேல் என்பதால், அது மூன்று விழுக்காட்டைக்கூட எட்டாது. ஆயினும் வருவாயின் பெரும்பங்கு அந்த மூன்று விழுக்காட்டிலிருந்துதான் வருகிறது. நீங்கள் சொன்னது உண்மை; நீரூற்றுக்குப் பணம் அங்கிருந்துதான் வருகிறது. நான் அதை ஏற்றுக்கொண்டே உறவினர்களை அழைத்துச் செல்கிறேன். கரையோர நடைபாதையும் திடலும் எல்லோரும் நடமாடும் இடமாகவே இருக்கின்றன. அங்கே உட்காரும் ஏழைத் தொழிலாளியிடம் யாரும் ஒரு காசு கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பாருங்கள். நம் ஊர்க் கட்டுமானத் தொழிலாளர்கள் குழுக்குழுவாக அங்கே நின்று வீட்டுக்குக் காணொளி அழைப்பில் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

தடுப்புகளும் உண்டு. 21 வயது நிரம்பாதோருக்கு அனுமதி இல்லை. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்கு நுழைவு வரி கட்ட வேண்டும். தொடக்கத்தில் 100 வெள்ளியாக இருந்த அது, 2019இல் 150 வெள்ளி ஆனது. அந்தப் பணம் விடுதிக்குப் போவதில்லை. சமூகப் பணிகளுக்குச் செல்கிறது. தம்மால் அடக்க முடியவில்லை என்று உணர்பவர் தமக்குத் தாமே தடை விதித்துக்கொள்ளலாம். மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ விண்ணப்பித்தும் ஒருவருக்குத் தடை பெறலாம். அரசின் நிதியுதவியில் வாழ்வோரும் திவாலானோரும் தாமாகவே தடைப் பட்டியலில் வந்துவிடுகிறார்கள்.

அமைதிநாடி (கோவை)

விளக்கத்துக்கு நன்றி. குடும்பத்தார் விண்ணப்பித்துத் தடை பெறலாம் என்பதை முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். எங்கள் அத்தைக்கு அப்படி ஒரு கதவு இருந்திருக்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் நுழைவு வரி வாங்குவதில்லை என்பதையும், கடவுச்சீட்டைக் காட்டினால் போதும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தன் குடிமக்களைக் காக்க எழுப்பிய வேலி, விருந்தாளிக்கு மட்டும் திறந்து கிடக்கிறது. என் மனம் இதில் ஒப்பவில்லை.

தேக்காவாசி (சிங்கப்பூர்)

அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை.

ஈப்போஆசிரியர் (மலேசியா)

எங்கள் நாட்டில் கெந்திங் மலைக்கும் இதே கேள்வி உண்டு. மலேசியாவில் உரிமம் பெற்ற ஒரே சூதாட்டக் கூடம் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் மாணவர்களையும் பெற்றோரையும் அழைத்துச் செல்வது கம்பிவட ஊர்திக்காகவும், மலைக் குளிருக்காகவும், வழியில் இறங்கிப் பார்க்கக்கூடிய சின் சுவீ சீனக் கோயிலுக்காகவும்தான். ஆனால் கெந்திங்கில் மழை, மூடுபனி வந்தால் எல்லோரும் கட்டடத்துக்குள் அடைபட்டுவிடுகிறோம். அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது. மரினா பேயில் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால்தான் பார்ப்பதற்கு மிகுதி. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், முதியவர்களோடு செல்வோருக்கு நான் மரினா பேயையே சொல்வேன்.

காவிரிக்கரை (திருச்சி)

இவ்வளவு பொறுப்போடு எழுதிய அனைவருக்கும் நன்றி. இழை முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அமைதிநாடி ஐயா எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, “படுக்க வேண்டாம்; போய்ப் பார்க்கலாம்” என்றார். ஆகவே லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவிலேயே ஒரு விடுதியில் தங்கப்போகிறோம். பிள்ளைகளின் நீச்சலுக்கு வேறு வழி தேட வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தாத்தா 1950களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிச் சிங்கப்பூர் சென்று ஒன்பது ஆண்டு வேலை பார்த்துத் திரும்பியவர். சிவப்பு விளக்குத் துறையில் படகிலிருந்து இறங்கியதாக அவர் அடிக்கடி சொல்வாராம். அப்படி ஓர் இடம் இப்போது இருக்கிறதா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

தேக்காவாசி (சிங்கப்பூர்)

இருக்கிறது அம்மா, அதுவும் நீங்கள் போகும் இடத்துக்கு நேர் எதிரில் இருக்கிறது. கிளிஃபர்ட் துறை என்பது அதன் பெயர். 1933இல் திறந்தது. அங்கே தொங்கிய சிவப்பு விளக்கால் சீனர்கள் அதைச் சிவப்பு விளக்குத் துறை என்றே அழைத்தார்கள்; உங்கள் தாத்தா உடன் வேலை செய்தவர்களிடமிருந்து அந்தப் பெயரைக் கற்றிருக்க வேண்டும். 2006இல் துறை மூடப்பட்டது. இப்போது ஒரு தங்கும் விடுதியின் பகுதியாக இருக்கிறது. வளைவான கூரைச் சட்டங்களை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையிலிருந்து கரையோரமாகச் சில நிமிட நடைதான்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். தாத்தா வந்திறங்கிய காலத்தில் மரினா பே சேண்ட்ஸ் நிற்கும் நிலமே கிடையாது, அது கடல். 1970களில்தான் அந்தப் பக்கத்தை மண் கொட்டித் தூர்த்தார்கள். பின்னர் 2008இல் வாய்க்கால் முகத்தில் அணை கட்டி, உப்புநீர் விரிகுடாவை நன்னீர்த் தேக்கமாக மாற்றினார்கள். இன்று அந்த நீர் குடிநீருக்கும் பயன்படுகிறது.

பயணத்துக்கு மூன்று குறிப்புகள். தேக்காவிலிருந்து வருவது எளிது: லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டௌன் தடத்தில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பேஃபிரண்ட், நடுவில் மாற வேண்டியதில்லை, நிலையப் பெயர் தமிழிலும் எழுதியிருக்கும். பூந்தோட்டத்துக்குள் முதியவர்களுக்காகச் சிற்றூர்தி ஓடுகிறது. அம்மாவை அதில் ஏற்றிவிடுங்கள். மழை பெய்தால் சோர்ந்துவிடாமல் தாமரை வடிவ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பத்து இதழ்கள் கொண்ட அதன் கூரை மழைநீரை நடுவில் திரட்டி, 35 மீட்டர் ஆழத்துக்கு அருவியாக உள்ளே விழச் செய்கிறது. உள்ளே பிள்ளைகள் தாங்கள் வண்ணம் தீட்டிய படங்கள் சுவரில் உயிர்பெற்று நகர்வதைப் பார்க்கலாம். அங்கிருந்து அவர்களைக் கிளப்புவதுதான் கடினம்.

காவிரிக்கரை (திருச்சி)

ஊர் திரும்பி நான்கு நாள் ஆகிறது. கேட்டுவிட்டுப் போனவள் சொல்லாமல் இருப்பது நன்றாக இராது.

தரைத்தளத்துக் கூடத்தில் என் மகன் வெகுநேரம் அண்ணாந்தே நின்றான். சாய்ந்த காலின் கோணத்தைத் தன் கையால் அளக்க முயன்று, 26 பாகை இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னான். பொறியாளர் ஐயா எழுதியதை நான் முன்பே அவனிடம் சொல்லிவிட்டேன் என்பது வேறு. அங்கே பெரிய பெரிய மண்தாழிகளில் மரங்கள் நிற்கின்றன. சீனக் கலைஞர் ஜெங் சோங்பின் உருவாக்கியவை, மொத்தம் 83. என் அம்மா அவற்றில் நான்கைந்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, நன்றாகச் சுட்ட மண் என்றார். கடைத்தெருவுக்குள் செயற்கைக் கால்வாயில் ஓடும் சம்பான் படகில் மகள் ஏறினாள். கடைகளில் எங்களுக்கு வேலை இல்லை, விரைவாகக் கடந்துவிட்டோம். சூதாட்டக் கூடத்தின் வாயில் வழியில் தென்பட்டது. வரிசை நின்றிருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஹீலிக்ஸ் பாலம் நாங்கள் எதிர்பாராத மகிழ்ச்சி. 280 மீட்டர் நீளத்துக்கு மரபணுவின் இரட்டைச் சுருள்போல் இரும்புக் குழாய்களை முறுக்கியிருக்கிறார்கள். இரவில் தரையில் நான்கு ஆங்கில எழுத்துகள் இணையிணையாக ஒளிர்கின்றன. மரபணுவின் நான்கு அடிப்படைப் பொருள்களின் முதல் எழுத்துகள் அவை. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துபவள். கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்ததன் உள்ளே முதன்முறையாக நடந்தேன்.

பார்வைத் தளத்துக்கு ஆறரைக்குச் சென்றோம். என் கணவரும் பிள்ளைகளும் நகரத்தின் பக்கம் நின்றார்கள். அப்பா மட்டும் கிழக்குப் பக்கம் சென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கப்பல்களை எண்ணத் தொடங்கினார். அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்தினார். தாத்தா கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்து வந்ததையும், புளிச்சோறு மூன்றாம் நாளே தீர்ந்துபோனதையும், தாத்தா சொன்னபடியே என்னிடம் சொன்னார். எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது; இதை அவர் என்னிடம் சொன்னது இதுவே முதல்முறை.

மறுநாள் இரவு ஒளிக்காட்சியை நீர்க்கரைத் திடலில் பார்க்காமல் எதிர்க்கரையில் பார்த்தோம். நீரூற்றுகள் அங்கிருந்து சிறிதாகத்தான் தெரிகின்றன. ஆனால் கோபுரங்களின் உச்சியிலிருந்து பாயும் ஒளிக்கற்றைகள் முழுமையாகத் தெரிகின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளிஃபர்ட் துறையின் வாசலில் நின்று, அந்த வளைவுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விருந்து நடந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்த பணியாளர், இளம்பெண், சீனர், வேண்டுமானால் உள்ளே வந்து பார்க்கலாம் என்று சைகை காட்டினார். அப்பா செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன், பிறகு விட்டுவிட்டேன்.